படத்தில் சரிவு இல்லை

கித்துல்மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கிற நீளமான பழைய லயம் ஒன்றின் கடைசி இரண்டு காம்பராக்களுக்கு, அதாவது அறைகளுக்கு, நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். மண் தரை. அதுவும் வாசல் பக்கம் சாய்ந்த தரை. சிலேட்டுக் குச்சியைக் கீழே வைத்தால் உருண்டு வாசலுக்குப் போய்விடும். பிள்ளைகள் அதைக் குறையாக நினைக்கவில்லை. நமுனுகுல மலையின் இடுப்பில் பிறந்தவர்கள். அவர்களுடைய வீடு, பாதை, தண்ணீர்ப் பீலி, சுடுகாடு எல்லாமே சாய்வில்தான் இருந்தன. சமமான இடம் என்று அவர்கள் கண்டது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கிற பெரட்டுக் களம் ஒன்றுதான்.

மாடசாமி அந்தப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். அதற்கு முன் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். வளர்ந்து முற்றின தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்க்கிற வேலை அது. வேலை முடிந்து வந்தால் விரல்கள் கத்தியைப் பிடித்தபடியே மடங்கிக் கிடக்கும். அவன் மனைவி பாக்கியலெட்சுமி ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்ட பிறகுதான் சோற்றில் கை வைக்க முடியும். சின்ன வயதில் பசறைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவன் என்பது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் காதுக்கு எட்டியதால், கத்தியை வாங்கிக்கொண்டு வெண்கட்டியைக் கையில் கொடுத்தார்கள். சீமையில் பெரிய சண்டை முடிந்த வருஷம் அது.

கொழுந்துக்குப் போகிற பெண்கள் அவனைச் சும்மா விடுவதில்லை.

"என்ன வாத்தியாரே, குந்திக் குந்தி இடுப்புப் புடிச்சுக்கிச்சா?"

"அவருக்கென்னடி, நெழல்ல காய்க்கிற காயி."

மாடசாமி சிரித்துக்கொண்டே போய்விடுவான். நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெயிலில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர், பிள்ளைகளுக்குப் பூகோளத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். பூகோள உருண்டைக்கும் உலகப் படத்துக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியாதா என்று கேட்டார். துரை மாடசாமியைப் பங்களாவின் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, அடுத்த தடவையும் இப்படியென்றால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு அவன் கவ்வாத்துக்கே திரும்பலாம் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால் அது நடக்கும் என்று மாடசாமிக்குத் தெரிந்தது.

உலகப் படம் ஒன்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. உருண்டை இல்லை. பங்களாப் பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன பழைய உருண்டை ஒன்றைச் சமையற்காரன் கொண்டுவந்து கொடுத்தான். தாங்குகிற கால் உடைந்துபோயிருந்தது. மாடசாமி அதை மேசையில் வைத்தான். உருண்டு விழுந்து வாசல் வழியே வெளியே போய்ப் பீலிக் கரையில் நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கடைசியில், பெண்கள் தண்ணிக்குடம் தூக்கத் தலையில் வைக்கிற சும்மாட்டை வாங்கி மேசையில் வைத்து அதன்மேல் உருண்டையை உட்காரவைத்தான்.

முதல் பாடம் சொல்லிலேயே சிக்கியது.

"இது பூமிப்படம்" என்றான் சுவரைக் காட்டி.

"எங்கம்மாகிட்டயும் இருக்கு வாத்தியாரே" என்றான் ஒரு பொடியன்.

"ஒங்கம்மாகிட்டயா? எங்கடா?"

"இடுப்புல கட்டியிருக்கும். சாக்குல."

அவன் சொன்னது படங்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்குத் துணி. மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தான். மறுநாள் பாக்கியலெட்சுமியின் பழைய படங்கையும் ஒரு கொழுந்துக் கூடையையும் கொண்டுவந்தான். கூடையைக் கவிழ்த்துவைத்து அதன் வளைந்த முதுகில் படங்கைப் போர்த்தினான். ஓரங்களில் துணி மடிந்து சுருங்கியது.

"பாத்தீங்களா? கூடை உருண்டை. படங்கு தட்டை. தட்டையா இருக்கிறத உருண்டையில போத்தினா எங்கயாச்சும் சுருங்கும். உருண்டையில இருக்கிறதத் தட்டையா விரிச்சா எங்கயாச்சும் இழுத்துக்கும். பூமி கூடை மாதிரி. படம் படங்கு மாதிரி."

பிள்ளைகளுக்கு அது பிடித்தது. தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ஆட்டவில்லை. இராமையாவின் மகள் வேலாயி. பள்ளிக்கூடத்திலேயே சின்னவர்களில் ஒருத்தி.

"பூமி உருண்டை. எல்லாரும் சொல்லுங்க."

சொன்னார்கள்.

"வேலாயி, நீ ஏன் சொல்லல?"

"உருண்டைன்னா உருளுமே வாத்தியாரே."

"பூமி உருளாது."

"அன்னிக்கு மேசையிலேருந்து உருண்டுச்சே."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாடசாமியும் சிரித்தான்.

"அது இந்தப் பந்து. நெசப் பூமி உருளாது."

"போன மழையில உருண்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. போன ஐப்பசி மழையில் மேல்லயத்துக்குப் பின்னால் இருந்த மண் இறங்கி மூன்று காம்பராக்களை மூடிவிட்டது. வேலாயியின் அம்மா பெரியாயி அதற்குள் இருந்தாள். மண்ணை வெட்டி எடுத்தவர்களில் மாடசாமியும் ஒருவன்.

"அது மண்ணு எறங்கினது வேலாயி. பூமி உருண்டது இல்ல."

"மண்ணு வேற, பூமி வேறயா வாத்தியாரே?"

மாடசாமி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினான். மணி அடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டான்.

வேலாயி மட்டும் போகவில்லை. மேசைக்கு வந்து உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மடியில் வைத்திருந்த தேயிலை விதையொன்றை எடுத்து உருண்டையின் உச்சியில் வைத்தாள். அது வழுக்கி விழுந்தது. உருண்டையைச் சும்மாட்டில் வேறு பக்கம் திருப்பி மறுபடி வைத்தாள். அப்போதும் விழுந்தது.

"எங்க வச்சாலும் சரிவாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமா. எங்க நின்னாலும் சுத்தி எறக்கம்தான்."

"அப்போ பூமி உருண்டை இல்ல வாத்தியாரே. சரிவு."

அவள் முகத்தில் நிம்மதி போல ஏதோ தெரிந்தது. உருளுகிற ஒன்றின்மேல் படுத்துத் தூங்குவதைவிடச் சரிவான ஒன்றின்மேல் தூங்குவது அவளுக்குப் பழகின காரியம். மாடசாமி அதைத் திருத்தவில்லை. யோசித்தால் தப்பென்றும் தோன்றவில்லை. கீழ்நாட்டில் வயல்வெளியில் பிறந்த பிள்ளை முதலில் படத்தை நம்பும், பிறகு கஷ்டப்பட்டு உருண்டையை நம்பும். இவளுக்கு உருண்டை சட்டென்று கைவந்தது. தட்டையான படம்தான் பொய்யாகத் தெரிகிறது.

பாக்கியலெட்சுமியிடம் இதைச் சொன்னான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல வெவரமான புள்ளதான். ஆனா இன்ஸ்பெட்டரு வெவரமாவா கேக்கப் போறாரு? புத்தகத்துல இருக்கிறதத்தான் கேப்பாரு. மனப்பாடம் பண்ண வையுங்க."

"புரியாம சொல்லி என்ன ஆவுது?"

"நீங்க கவ்வாத்துக்குப் போகாம இருப்பீங்க. அது ஆவுது."

மனப்பாடம் பண்ணவைத்தான். உருண்டை பூமியின் முழு வடிவத்தைக் காட்டுவது. படம் பூமியின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டுவது. காலையும் மாலையும் பிள்ளைகள் பாடிப் பாடிச் சொன்னார்கள். வேலாயி உதட்டை மட்டும் அசைத்தாள். மாடசாமி அதைப் பார்த்தும் பாராதவன்போல இருந்தான். இத்தனை பிள்ளைகளில் அவளையா கேட்கப் போகிறார் என்று நினைத்தான்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலைப்பாகையும் கோட்டும் போட்டு, பசறையிலிருந்து மட்டக்குதிரையில் ஏறி வந்திருந்தார். கூடவே துரையும் வந்தார். பின்னால், ஆட்களை வேலைக்கு ஏவுகிற பெரிய கங்காணி சடையப்பன். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்து பாடுவது சடையப்பனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. புல்லு வெட்டினாலும் உபயோகமாக இருக்கும் என்பான்.

வாசிப்பு நடந்தது. கணக்கு நடந்தது. பரவாயில்லை என்பதுபோல இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பிறகு உருண்டையையும் அதன் கீழே இருந்த சும்மாட்டையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வட துருவம் மேலையெல்லோ இருக்கவேணும். உது ஏன் பக்கவாட்டிலை கிடக்கு?"

"கால் ஒடைஞ்சிருச்சுங்க" என்று மாடசாமி ஓடிப்போய்த் திருப்பி வைத்தான்.

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். வேலாயியை நோக்கித்தான்.

"எழும்பு பிள்ளை. பயப்பிடாதை. பூமி என்ன வடிவம்?"

வேலாயி எழுந்து நின்றாள்.

"சரிவுங்க."

"என்ன?"

"சரிவா இருக்குங்க."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது. மோசமான மனுஷர் அல்ல. இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"சரி, உருண்டைக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம் சொல்லு பாப்பம்."

வேலாயி சுவரைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

"படத்துல சரிவு இல்லீங்க. அதுல வீடு கட்டினா எங்கயும் விழாது. உருண்டையில கட்டினா விழும்."

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் கேட்டால் நன்றாகவே புரியும். கையிலிருந்த பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மேல்லயம் இருந்த இடத்தைத் தோட்டத்துப் படத்தில் கோடு போட்டுக் குறித்தது யாரென்று, இன்ஸ்பெக்டரைத் தவிர, அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

சடையப்பன் முந்திக்கொண்டான். "அது மட்டிப் புள்ளைங்க. ஆத்தா போனதுலேருந்து புத்தி கொழம்பிப் போச்சு."

இன்ஸ்பெக்டர் மாடசாமியைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையோ? பிள்ளைக்கு மூளை கொஞ்சம் மந்தமோ? அப்பிடியெண்டால் கணக்கிலை சேர்க்கமாட்டன். வேறை பிள்ளையைக் கேக்கிறன்."

அவர் வழி விடுகிறார் என்று மாடசாமிக்குப் புரிந்தது. துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றான். "கொஞ்சம் மந்தம்."

அடுத்த பையன் எழுந்து, உருண்டை பூமியின் முழு வடிவத்தைக் காட்டுவது, படம் பூமியின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டுவது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். இன்ஸ்பெக்டர் திருப்தியாக எழுதிக்கொண்டார். பூகோளம் நன்று.

பாக்கியலெட்சுமி அன்றைக்குக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தாள். மாடசாமி தட்டை ஒதுக்கிவைத்தான். ஏனென்று அவள் கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான்.

மறுநாள் வேலாயி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாடசாமி லயத்துக்குப் போய் இராமையாவைக் கேட்டான். இராமையா வாசலில் உட்கார்ந்து மம்பட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றே பேசினான்.

"கங்காணி அரைப்பேருக்குப் பதிஞ்சுட்டாருங்க. அரைச் சம்பளத்துக்குப் புல்லு வெட்டப் போவுது."

"அவ சின்னப் புள்ளதானே இராமையா."

"சின்னப் புள்ளதான். படிக்கிற புள்ளையா இருந்தா விட்டுவச்சிருப்பேன். நீங்களே தொரைக்கு முன்னால சொல்லிட்டீங்க, மந்தம்னு. அப்பறம் என்னத்துக்குங்க அங்க குந்திக்கிட்டு?" அவன் குரலில் குறை இல்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற குரல். "நான்கூட வெவரமான புள்ளைன்னு நெனச்சிருந்தேன். பெத்தவனுக்குத் தெரியாதுதானே."

உள்ளே வேலாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இராமையா திரும்பி, "ஏ மட்டி, வாத்தியாருக்குத் தண்ணி குடு" என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பேர் அதற்குள் வீட்டில் பழகிவிட்டிருந்தது. மாடசாமி தண்ணீரைக் குடித்தான்.

வீட்டுக்கு வந்து பாக்கியலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியபடியே கேட்டாள்.

"இப்பப் போயி நெசத்தச் சொன்னா தொர சும்மா விடுவாரா?"

"விடமாட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேக்குறீங்க?"

"நான் ஒன்னும் கேக்கல."

"கேக்காம எதுக்கு என்னயப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் பனி விலகியிருக்கவில்லை. கங்காணிமார் ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையின் கடைசியில் வேலாயி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். புல்லு வெட்டுகிற கத்தி அவள் முழங்கைக்கும் நீளமாக இருந்தது. மாடசாமி களத்துக்குள் நேராக நடந்து துரைக்கு முன்னால் போய் நின்றான். வாத்தியார் பெரட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை.

"என்னா வாத்தி?"

"அன்னிக்கு வேலாயிய மந்தம்னு சொன்னது பொய்ங்க. அவ நல்ல புத்தியுள்ள புள்ள. அவ சொன்ன பதில் சரி. நான்தான் பயந்துகிட்டு மாத்திச் சொன்னேன்."

"என்னா பதில் சரி?"

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். சொன்னான்.

"படத்துல சரிவு தெரியாதுன்னு சொன்னதுங்க."

துரை அவனை நிதானமாகப் பார்த்தார். முகம் சிவக்கவில்லை, பிரம்பு ஓங்கவில்லை.

"நீ இன்ஸ்பெக்டர்கிட்ட பொய் சொன்னான்."

"ஆமாங்க."

துரை கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அந்தக் குட்டி பேர் வெட்டு. இவன் பேர் போடு. கவ்வாத்து. பகல் வரைக்கும். பொறவு ஸ்கூல்." சொல்லிவிட்டுக் குதிரையை நோக்கி நடந்தார். பொய் சொன்னதற்காகவா, உண்மை சொன்னதற்காகவா இந்தத் தண்டனை என்று மாடசாமியால் முடிவுகட்ட முடியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டவில்லை என்பது மட்டும் புரிந்தது. பூட்டினால் இன்ஸ்பெக்டருக்குக் காரணம் எழுதவேண்டி வரும்.

சடையப்பன் கிட்டே வந்தான். "கொட்டாயில ஒரு கத்தி துருப்புடிச்சுக் கெடக்கு வாத்தி. ஒனக்குன்னே காத்துக்கிட்டு இருந்திருக்கு. தீட்டி எடுத்துக்க."

"தீட்டுறது மறந்து போகல கங்காணி" என்றான் மாடசாமி.

மலையில் அவனுக்கு அடுத்த நிரை இராமையாவுக்கு விழுந்தது. இருவரும் குனிந்து வெட்டிக்கொண்டே ஏறினார்கள். நிரையில் பாதி போனபிறகு இராமையா நிமிராமலே கேட்டான்.

"அப்ப எம்மக மட்டி இல்லீங்களா?"

"இல்ல."

இராமையா அடுத்த செடியை வெட்டிச் சாய்த்தான்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம் இராமையா."

அன்று மத்தியானம் வேலாயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொல்லவில்லை, கூப்பிட்டால் எழுந்து நின்றாள், அவ்வளவுதான். மாடசாமி முதல் நாளே பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால், தான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டும் அவள் முகம் மாறவில்லை. ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்குவது, கொடுத்ததுபோல அத்தனை சுலபம் இல்லை. அவன் அவளை அவசரப்படுத்தவில்லை.

கவ்வாத்து அந்த மலையில் முடிந்து பக்கத்து மலைக்குப் போயிருந்த சமயம். படத்தில் இலங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பதுளை எங்கே, பசறை எங்கே என்று கேட்டார்கள். அந்தப் படத்தில் இலங்கையே ஒரு புளியங்கொட்டை அளவுதான். விரலை வைத்து, இங்கே எங்கேயோ என்றான்.

"வாத்தியாரே."

வேலாயியின் குரல். எல்லாரும் திரும்பினார்கள்.

"புது லயம் கட்டுறாங்களே, அது இதுல இருக்கா?"

மேல்லயம் மூடிப்போன இடத்துக்குச் சற்றுக் கீழே, அதே மலையில், புது லயத்துக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இராமையாவுக்கும் மகளுக்கும் அதில் ஒரு காம்பரா என்று பேச்சு.

"இதுல இல்ல வேலாயி."

"உருண்டையில?"

"அதுலயும் இல்ல."

"தொர வச்சிருக்கிற படத்துல?"

"அதுல இருக்கும்."

"அதுல சரிவு போட்டிருக்குமா?"

மாடசாமி அந்தப் படத்தைக் கண்டதில்லை. போட்டிருக்கும் என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் நம்புவார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றான். பிறகு வெண்கட்டியைக் கீழே வைத்தான். "எந்திரிங்க எல்லாரும். போயி பாத்துட்டு வருவோம்."

வரிசையாக வெளியே வந்தார்கள். வழி ஏற்றமாக இருந்தது. புதிதாக வெட்டின மண் சிவப்பாக, ஈரமாக இருந்தது. வேலாயி முன்னால் போய் வெட்டுக்கு மேலே நின்றாள். மடியிலிருந்து விதையை எடுக்கவில்லை, கல்லை உருட்டவில்லை. வெறும் கண்ணால் மேலேயும் கீழேயும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மலை வளைந்து கொஞ்சம் அகலமாகிற இடத்தை, சுடுகாட்டுக்கு அப்பால், கையை நீட்டிக் காட்டினாள்.

"அங்க கட்டலாமே" என்றாள்.

அங்கே தேயிலை நட்டிருந்தது. நல்ல கொழுந்து வருகிற மலை. துரை அதைப் பிடுங்கமாட்டார் என்று அங்கே நின்ற பிள்ளைகளுக்கே தெரியும். மாடசாமி அவள் காட்டின பக்கம் பார்த்தான்.

"கட்டலாம்" என்றான். "நாளைக்குப் பெரட்டுல கேக்குறேன்."